செரி வேலியைச் சுற்றியுள்ள நீல-மஞ்சள் வரலாற்றுப் பலகைகள்: எதை நம்புவது, எப்படிப் பழுதுபார்ப்பது?

#1 ஆவணப்பித்தன்

நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனிக்கு மேற்கே சுமார் 85 கிலோமீட்டர் போனால் செரி வேலி என்ற சிற்றூர் வரும். அமெரிக்கப் புரட்சிப் போரின்போது குடியேற்றத்தின் ஓரத்தில் இருந்த ஊர். ஊருக்குள்ளும், அங்கிருந்து கூப்பர்ஸ்டவுன், கனாஜொஹாரி, ஸ்கோஹேரி போகும் சாலைகளிலும் நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்துப் பலகைகள் நிறைய நிற்கின்றன. அவற்றைத் தமிழில் ஒரு வழிகாட்டியாகத் தொகுக்கும் எண்ணம் உள்ளது. அதற்கு முன் இரண்டு சந்தேகங்கள்.

1. 1778இல் பிரிட்டிஷ் பக்கப் படையும் பூர்வகுடிகளும் செரி வேலியைத் தாக்கியதைப் பற்றிப் பலகைகள் சொல்வதும் புத்தகங்கள் சொல்வதும் பல இடங்களில் ஒட்டவில்லை. எதை எடுத்துக்கொள்வது?
2. சில பலகைகளில் எழுத்தே தெரியாத அளவுக்குப் பெயிண்ட் உரிந்திருக்கிறது. இவற்றுக்கு யார் பொறுப்பு? தன்னார்வலர்கள் பெயிண்ட் அடிப்பதானால் முறை என்ன?

#2 கல்லும்செம்பும்

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: பலகையை அடியிலிருந்து மேலே படியுங்கள். கடைசி வரியில் யார் வைத்தார்கள், எந்த ஆண்டு என்று இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் தலைப்பைப் பார்க்க வேண்டும்.

புரட்சியின் 150ஆம் ஆண்டையொட்டி 1926இல் மாநிலக் கல்வித்துறை இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. 1930களின் இறுதிவரை பலகைகள் வந்துகொண்டே இருந்தன. செரி வேலிப் பக்கம் நிற்கும் பழைய பலகைகளில் பெரும்பகுதி அந்தக் காலத்தவை. கார் வைத்திருப்பவர்கள் பெருகிய நேரம் அது. காரில் போகிறவர் கண்ணில் பட வேண்டும் என்பதே நோக்கம். அதன் விளைவுகள் மூன்று:

பலகை சாலையோரம்தான் நிற்கும். "இவ்விடத்தில்" என்று எழுதியிருந்தாலும் உண்மையான இடம் வயலுக்குள் அரை மைல் தள்ளி இருக்கலாம். சாலையை அகலப்படுத்தியபோது பலகையையும் நகர்த்தியிருப்பார்கள், எழுத்தை மாற்றியிருக்க மாட்டார்கள்.

தலைப்புக்குக் கீழே நாலைந்து வரிக்குத்தான் இடம். ஆகவே காரணம் விழுந்துவிடும், சம்பவம் மட்டும் நிற்கும். யார் வந்து எரித்தார்கள் என்று இருக்கும். ஏன் வந்தார்கள் என்பது இருக்காது.

ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை அப்படியே எழுதிய பலகைகளும் உண்டு. "இந்த மரத்தடியில்", "இந்தக் கிணற்றில்" என்ற வகை. இதை வழக்காறாகக் குறித்துக்கொள்ளலாம், சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இவற்றிலிருந்து வேறுபட்டது கிரானைட் பாறையில் வெண்கலத் தகடு பதித்த வகை. 1779இல் அமெரிக்கப் படை பூர்வகுடிகளின் ஊர்களை அழிக்கப் போன சல்லிவன்-கிளின்டன் படையெடுப்பின் 150ஆம் ஆண்டுக்கு 1929இல் வரிசையாக வைத்தவை. படை போன வழி வரைபடமாகவே தகட்டில் இருக்கும். ஒரே வார்ப்பைப் பல ஊர்களில் வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்தத் தகட்டை அது நிற்கும் ஊரின் வரலாறாகப் படிக்க வேண்டாம்.

#3 எல்லைக்கோடு

வழிகாட்டி எழுதுவதானால் "எல்லை" என்ற சொல்லை முதலில் விளக்கிவிடுங்கள். நம் வாசகர் வேலி போட்ட எல்லையாக நினைத்துக்கொள்வார்.

செரி வேலி நிலத்துக்கான பட்டயம் 1738இல் வழங்கப்பட்டது. ஜான் லிண்ட்சே 1740இல் குடியேறினார். சாமுவேல் டன்லப் என்ற போதகர் மறு ஆண்டு நியூ ஹாம்ப்ஷயரின் லண்டன்டெரியிலிருந்து ஸ்காட்ச்-ஐரிஷ் குடும்பங்களை அழைத்து வந்தார். வடக்கே மோஹாக் ஆற்றங்கரையிலும் கிழக்கே ஸ்கோஹேரியிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் பாலட்டினேட் ஜெர்மானியர்கள்.

1768இல் ஸ்டான்விக்ஸ் கோட்டையில் போட்ட ஒப்பந்தப்படி குடியேற்ற நிலத்துக்கும் பூர்வகுடிகளின் நிலத்துக்கும் இடையிலான கோடு இந்தப் பகுதியில் யுனடில்லா ஆற்றை ஒட்டிப் போனது. செரி வேலியிலிருந்து மேற்கே ஒரு நாள் பயணத்துக்குள் அந்தக் கோடு வந்துவிடும். கோட்டுக்கு அப்பால் வெறும் காடு இல்லை. ஒனாக்வாகா போன்ற ஊர்கள் இருந்தன: வீடு, சோளக்கொல்லை, பழத்தோட்டம், மாடு எல்லாவற்றோடும்.

இரண்டு பொறிகளைக் கவனியுங்கள். 1778இல் ஓட்சிகோ கவுன்ட்டி கிடையாது; அது 1791இல் பிறந்தது. அன்றைக்கு இது ட்ரையான் கவுன்ட்டி. 1784இல் அதன் பெயர் மான்ட்கோமரி ஆனது. ஓட்சிகோ என்று தேடினால் பழைய ஆவணம் கிடைக்காது. இன்னொன்று நாள்காட்டி. 1752 செப்டம்பர் வரை இது பழைய ஜூலியன் கணக்கில் ஓடிய ஆங்கிலக் குடியேற்றம். 1751 வரை புத்தாண்டு மார்ச் 25. ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதி போட்ட பழைய பட்டயங்களில் ஓராண்டு வித்தியாசம் வருவது பிழையாகவே இருக்க வேண்டியதில்லை.

#4 கல்லும்செம்பும்

1778 விவகாரத்தில் எல்லாரும் தடுக்கி விழுவது ஒரே பெயரில்: பட்லர்.

வில்லியம் பட்லர், அமெரிக்கப் படையின் பென்சில்வேனிய ரெஜிமென்ட் அதிகாரி. 1778 அக்டோபரில் ஒனாக்வாகா, யுனடில்லா என்ற இரு ஊர்களையும் எரித்தவர்.

வால்டர் பட்லர், பிரிட்டிஷ் பக்கம் நின்ற விசுவாசி ரேஞ்சர் தலைவர். 1778 நவம்பர் 11 அன்று செரி வேலியைத் தாக்கியவர்.

ஜான் பட்லர், வால்டரின் தந்தை. அந்த ரேஞ்சர் படையை உருவாக்கியவர். அவ்வாண்டு ஜூலையில் வயோமிங் சண்டையை (பென்சில்வேனியாவின் வயோமிங் பள்ளத்தாக்கு, இன்றைய வயோமிங் மாநிலம் அல்ல) நடத்தியவர்.

பலகையில் வெறும் "பட்லர்" என்று இருந்தால் ஆண்டையும் ஊரையும் வைத்துத்தான் பிரிக்க முடியும். கிளின்டனும் அப்படியே. ஜார்ஜ் மாநில ஆளுநர், ஜேம்ஸ் அவர் அண்ணன், படைத்தளபதி. கூப்பர்ஸ்டவுனில் ஏரி வாயிலில் அணை கட்டியவர் ஜேம்ஸ். 1779இல் கனாஜொஹாரியிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட படகுகளைத் தரைவழியே ஓட்சிகோ ஏரிக்குக் கொண்டுவந்தார். சஸ்குவெஹானா அங்கே சிற்றோடைதான், படகு மிதக்காது. அணை கட்டி ஏரி மட்டத்தை உயர்த்தி, ஆகஸ்ட் 9 அன்று உடைத்துவிட்டு அந்த வெள்ளத்திலேயே இறங்கிப் போனார்கள். இந்த இடத்துப் பலகை நம்பத்தக்கது. ஏரி வாயில் இன்றும் அதே இடம்.

செரி வேலியில் நடந்தது: கோட்டையில் இருந்தது கர்னல் இக்கபாட் ஆல்டனின் மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட். தாக்குதல் வருகிறது என்று முன்கூட்டியே தகவல் வந்தும், ஊர்மக்கள் கோட்டைக்குள் வர விட அவர் இசையவில்லை. அவரே சுமார் 400 கெஜம் தள்ளி வெல்ஸ் வீட்டில் தங்கியிருந்தார். விடியலில் தாக்கியதும் கோட்டையை நோக்கி ஓடி, வழியிலேயே கொல்லப்பட்டார். வெல்ஸ் குடும்பமும் மடிந்தது. கோட்டை விழவில்லை. இறந்த ஊர்மக்கள் ஏறக்குறைய 30 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வீரர்கள் அதில் பாதி. எழுபது பேர் வரை சிறைபிடித்தார்கள். பலரை மறுநாளே விட்டுவிட்டார்கள்.

எண்ணிக்கை மூலத்துக்கு மூலம் மாறும். உறுதியான எண்ணாக ஒன்றைப் போட்டுச் சண்டை வாங்காதீர்கள், "ஏறக்குறைய" போதும்.

#5 ரொறன்ரோ வாசகி

இதையெல்லாம் நியூயோர்க் பக்கத்துப் பலகைகளை மட்டும் வைத்து எழுதினால் கதை பாதியில் நிற்கும். மிச்சப் பாதி ஒன்ராறியோவில் இருக்கிறது. வண்டியில் ஐந்தாறு மணித்தியாலம்தான்.

அங்கே "கொடியவர்" ஆக வருகிற ரேஞ்சர்கள் இங்கே நயாகரா-ஒன்-த-லேக்கில் ஊரை நிறுவிய முன்னோர்கள். ஜோன் பட்லரின் கல்லறை அங்குதான். பிரிட்டிஷ் பக்கம் போரிட்ட மோஹாக் தலைவர் ஜோசப் பிராண்ட் (மோஹாக் பெயர் தயென்டனேகியா) பிரான்ட்ஃபோர்டில் மோஹாக் தேவாலயத்துக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1785இல் கட்டிய தேவாலயம். நகர நடுவில் 1886இல் வைத்த பெரிய சிலையும் இருக்கிறது. நிலத்தை இழந்து வந்த பூர்வகுடி மக்களுக்காக 1784 ஒக்டோபர் 25இல் கியூபெக்கின் பிரிட்டிஷ் ஆளுநர் ஹால்டிமண்டின் பிரகடனம் கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறு மைல் ஆழத்துக்கு நிலம் கொடுத்தது. அதில் மிகச் சிறு பங்குதான் இன்று ஆறு தேசத்தாரின் (மோஹாக் உள்ளிட்ட ஆறு இனங்களின் கூட்டமைப்பு) கையில் மிச்சம்.

வேடிக்கை என்னவென்றால் ஒன்ராறியோ மாகாணப் பலகைகளும் நீலம், பொன் எழுத்து. தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரே கையால் எழுதியது போல் இருக்கும். கிட்டப் போனால் நாயகனும் வில்லனும் இடம் மாறியிருப்பார்கள்.

பிராண்ட் விஷயத்தில் ஒரு திருத்தம் கட்டாயம் போடுங்கள். வயோமிங்கில் அவர் இருந்தார் என்று பழைய எழுத்துகளில் வரும். அவர் அங்கே இருக்கவே இல்லை. செரி வேலியில் இருந்தார், ஆனால் தலைமை வால்டர் பட்லருடையது. குடும்பங்களைக் காப்பாற்ற முயன்றவர் என்ற பதிவுகளும் உண்டு.

#6 ஆவணப்பித்தன்

நன்றி. பலகைகளில் வரும் "மாசக்கர்" (massacre) என்ற சொல்லை எப்படித் தமிழாக்குவது? "படுகொலை" என்று போட்டால் சரியா?

#7 எல்லைக்கோடு

பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட இடத்தில் படுகொலை என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மறு ஆண்டு அமெரிக்கத் தளபதி சல்லிவன் தம் அறிக்கையில் பூர்வகுடிகளின் 40 ஊர்களையும் 1,60,000 புஷல் (தானிய அளவு) சோளத்தையும் அழித்ததாகச் சொன்னார். அதற்குப் பலகை வைக்கும் பெயர் "படையெடுப்பு". அந்தக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான அகதிகள் நயாகரா கோட்டையைச் சுற்றிப் பட்டினியோடு கிடந்ததைச் சாலையோரப் பலகைகளில் தேட வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத்துக்குப் "படுகொலை", மறு பக்கத்துக்குப் "படையெடுப்பு" என்று பலகை எழுதியதை நாமும் அப்படியே தமிழில் இறக்கினால் அந்தச் சாய்வையும் சேர்த்தே இறக்குமதி செய்கிறோம்.

என் யோசனை: பலகையின் சொல்லை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். உங்கள் சொந்த வரியில் இரு பக்கத்துக்கும் ஒரே அளவுகோல்: "எரித்தார்கள்", "கொன்றார்கள்", "பிடித்துப் போனார்கள்". வினைச்சொல் போதும்.

#8 கல்லும்செம்பும்

#7 உடன் பாதிதான் ஒத்துப்போகிறேன். ஒரே நாளில் வீட்டுக்குள் புகுந்து கொன்றதும், ஊர்க்காரர்கள் விலகிப்போன பிறகு வீட்டையும் விளைச்சலையும் எரித்ததும் ஒரே வினை அல்ல. இரண்டையும் சமமாக்கினால் அதுவும் ஒரு சாய்வுதான். ஆனால் ஒனாக்வாகா எரிந்தது அக்டோபர், செரி வேலி நவம்பர் என்ற வரிசை வழிகாட்டியில் கட்டாயம் வர வேண்டும். ஒரு மாத இடைவெளி. பலகைகள் வெவ்வேறு கவுன்ட்டிகளில் இருப்பதால் வண்டியில் போகிறவருக்கு அந்தத் தொடர்பு பிடிபடாது.

அந்தப் போரில் ஹாடனோசோனி (அதாவது ஆறு தேசத்தார்) கூட்டமைப்பே பிளந்தது என்பதையும் சேருங்கள். மோஹாக், செனிக்கா, கயூகா, ஒனன்டாகா பெரும்பாலும் பிரிட்டிஷ் பக்கம். ஒனைடாவும் டஸ்கரோராவும் பெரும்பாலும் அமெரிக்கர் பக்கம். பலகையில் "இந்தியர்கள்" என்று மட்டும் இருந்தால் எந்த இனம் என்று நாம்தான் எழுத வேண்டும். செரி வேலியில் பெரும் எண்ணிக்கை செனிக்காக்கள்.

நம் வாசகருக்குப் புரியவைக்க எளிய வழி: ஆநிரை கவர்வதும் மீட்பதுமாக நடந்த வெட்சி-கரந்தைச் சண்டைகளும், விழுந்தவனுக்கு எழுப்பிய நடுகல்லும். எல்லை ஊர், திடீர்த் தாக்குதல், ஓட்டிப்போன மாடு, பிடித்துப்போன ஆட்கள் என்று பொருத்தம் நன்றாகவே அமையும். ஒரே வித்தியாசம், நம் நடுகல் சண்டை முடிந்த கையோடு நட்டது. இது ஒன்றரை நூற்றாண்டு கழித்து அரசு நட்டது.

#9 கோவை வார்ப்படம்

ரெண்டாவது கேள்விய யாரும் தொடலைங்க. பெயிண்ட் விஷயத்துக்கு வர்றேன்.

பொறுப்பு: நியூயார்க்கில் 1919 சட்டப்படி ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அதிகாரபூர்வ வரலாற்றாளர் இருக்கணும். டவுன் அலுவலகத்தில் கேட்டா சொல்லுவாங்க. பழைய பலகைகளைப் பராமரிக்கறது நடைமுறையில் உள்ளூர் வேலைதான். அவருடைய எழுத்து அனுமதி இல்லாம கை வைக்காதீங்க. மாநில நெடுஞ்சாலையோரமா இருந்தா போக்குவரத்துத் துறை அனுமதியும் வேணும்.

வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி காந்தம் ஒண்ணு வைச்சுப் பாருங்க. ஒட்டினா வார்ப்பிரும்பு, ஒட்டலைன்னா அலுமினியம். பழசு பல இரும்பு, பின்னாடி வந்தது அலுமினியம். பிரைமர் ரெண்டுக்கும் வேறங்க. இதைத் தப்பா எடுத்தா ரெண்டு குளிர்காலத்தில் பாளம் பாளமா உரியும்.

பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும்னே வைச்சுக்கோங்க, 1978க்கு முந்தினதுன்னா சந்தேகமே வேண்டாம். உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. கழட்டிக் கொண்டுபோய், கீழே தடித்த பிளாஸ்டிக் விரிச்சு, பெயிண்ட் கரைப்பான் பசை தடவி, ஊறினதும் பிளாஸ்டிக் சுரண்டியால எடுக்கணும். எழுத்து இடுக்குல நைலான் பிரஷ். மணல் பீய்ச்சறது வேண்டாம், எழுத்தோட விளிம்பு மழுங்கிடும். மழுங்கின எழுத்து அப்புறம் உருளையில மஞ்சள் பிடிக்காது.

அப்புறம் சோப்புத் தண்ணி, நல்ல தண்ணி, முழுசாக் காயணும். இரும்புக்குத் துருத்தடுப்பு பிரைமர், அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர். நீலம் ரெண்டு கோட், ரெண்டு பக்கமும். 18க்கு 32 அங்குலப் பலகைக்குக் கால் லிட்டர் போதும். நீலம் ஒருநாள் முழுக்கக் காஞ்ச பிறகு எழுத்து.

எழுத்துக்குப் பிரஷ் எடுக்காதீங்க. கெட்டியான சின்ன நுரை உருளையில மஞ்சளைத் தொட்டு, அட்டையில ஓட்டிப் பாதி எடுத்துட்டு, பலகையைப் படுக்க வைச்சு அழுத்தமே இல்லாம உருட்டுங்க. மேடா இருக்கற எழுத்து மட்டும் பிடிக்கும். ஒரே தடவையில நிரப்பப் பாத்தா வழியும். மெல்லிசா மூணு தடவை. மஞ்சள் 100 மில்லி கூட ஆகாதுங்க. வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழ போனா அன்னிக்கு வேலை வேண்டாம். அந்த ஊர்ல ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் நல்ல காலம்.

#10 எல்லைக்கோடு

சேர்க்க வேண்டிய ஒன்று: அலுமினியப் பலகை எஃகுக் கம்பத்தில் நேராக உட்காரும் இடத்தில் இரண்டு உலோகமும் உப்புத்தண்ணீரும் சேர்ந்து அலுமினியத்தைத் தின்னும். குளிர்காலச் சாலையில் உப்பு கொட்டுவார்கள், பனி வாரும் வண்டி அதை வாரிப் பலகை மேலேயே அடிக்கும். கழுத்துப் பகுதியில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதுதான். துருப்பிடிக்காத எஃகு போல்ட், நைலான் வாஷர், கழுத்துக்குள் துருத்தடுப்புக் கிரீஸ். கழுத்தில் விரிசல் விட்டிருந்தால் நீங்களே வெல்டிங் வைக்க வேண்டாம். வார்ப்பில் வேலை தெரிந்த பட்டறைக்குப் போகட்டும்.

#11 கோவை வார்ப்படம்

சரியாச் சொன்னீங்க. கம்பம் சாஞ்சிருந்தா அதையும் சொல்லிடறேன். அங்க தரை சுமார் நாலடி ஆழம் வரைக்கும் உறையும்னு கணக்கு. அதுக்கு மேலேயே அடித்தளம் நின்னா வருஷாவருஷம் பனி தூக்கித் தூக்கிக் கம்பம் சாயும். 54 அங்குலம் தோண்டி, அடியில 6 அங்குலம் ஜல்லி, மேல கான்கிரீட். 12 அங்குல விட்டக் குழிக்கு 80 பவுண்டு மூட்டை ஐந்தாறு ஆகும். குழியோட வாய் அகலமா, அடி குறுகலா இருக்கக் கூடாது. காளான் மாதிரி இருந்தா பனி அந்த விளிம்பைப் பிடிச்சுத் தூக்கிடும். மேல்பக்கம் தண்ணி வழியற மாதிரி சரிவு கொடுங்க.

தோண்டறதுக்கு முன்னாடி 811க்கு அழைக்கணும். எரிவாயு, கேபிள் எல்லாம் இலவசமா குறிச்சுக் கொடுப்பாங்க. "ரெண்டடிதானே"ன்னு விடாதீங்க.

#12 ரொறன்ரோ வாசகி

செரி வேலி மயானத்துக்குப் போகிறவர்களுக்கு: பழைய கோட்டை இருந்த இடம்தான் அது, தாக்குதலில் இறந்தவர்களுக்கான நினைவுத்தூணும் அங்கே. சுற்றியுள்ள பழைய சலவைக்கற்களைத் தேய்த்துப் படிக்க வேண்டாம். சோக்கு, மா, சேவிங் கிரீம் எதுவும் பூசக் கூடாது. காலையோ மாலையோ சாய்ந்த வெயிலில் ஒரு கண்ணாடியால் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பினால் எழுத்து எழும்பி வரும். பாசி எடுப்பதானால் மயானப் பொறுப்பாளரின் சம்மதத்தோடு தண்ணீர், மென்மையான பிரஷ், டி/2 போன்ற உயிரிக்கொல்லித் திரவம் மட்டும். பிளீச் கல்லுக்குள் இறங்கி உப்பாகிப் பிறகு கல்லை உதிர்க்கும். விரலால் தடவும்போது சீனி போல் பொடி வந்தால் அந்தக் கல்லைத் தொடாமல் விடுங்கள்.

ஸ்கோஹேரியில் இருக்கும் கல்கோட்டையையும் பட்டியலில் சேருங்கள். 1772இல் தேவாலயமாகக் கட்டிப் பிறகு கோட்டையாக்கியது. 1780 ஒக்டோபர் 17 தாக்குதலில் பீரங்கிக் குண்டு துளைத்த ஓட்டை கூரை விளிம்பில் இன்னும் இருக்கிறது. பலகையை நம்பத் தேவையில்லாத அபூர்வமான இடம்.

#13 ஆவணப்பித்தன்

எல்லாருக்கும் நன்றி. ஒனாக்வாகா-செரி வேலி தொடர்பைச் சொல்லும் புதிய பலகை ஒன்று வைக்க முடியுமா என்று உள்ளூரில் கேட்டால் என்ன சான்று கேட்பார்கள்?

#14 கல்லும்செம்பும்

சிரக்யூஸில் உள்ள பொமராய் அறக்கட்டளை 2006 முதல் இப்படிப்பட்ட பலகைகளுக்கு நிதி தருகிறது. விண்ணப்பத்தை ஊர் நிர்வாகமோ வரலாற்றுச் சங்கமோ போட வேண்டும், தனிநபர் அல்ல. கேட்பது முதன்மைச் சான்று. அதாவது சம்பவ காலத்து ஆவணம். 19ஆம் நூற்றாண்டு ஊர் வரலாற்றுப் புத்தகம் செல்லாது. பழைய பலகையைச் சான்றாகக் காட்டவே கூடாது.

தேட வேண்டிய இடங்கள்: ஹால்டிமண்ட் ஆவணங்கள் (பிரிட்டிஷ் பக்க அறிக்கைகள் எல்லாம் இதில்தான், கனடா தேசிய ஆவணக் காப்பகத்தில் படி உண்டு), ஆளுநர் ஜார்ஜ் கிளின்டனின் அச்சிட்ட கடிதங்கள், 1832 சட்டத்தின்படி முதிய வீரர்கள் கொடுத்த ஓய்வூதிய வாக்குமூலங்கள், விஸ்கான்சினில் உள்ள டிரேப்பர் கையெழுத்துத் தொகுப்பு. ஓய்வூதிய வாக்குமூலம் ஐம்பது ஆண்டு கழித்துச் சொன்னது, தேதியை மட்டும் அதில் நம்பாதீர்கள். ஆல்பனி மூலங்களில் சில விளிம்பு கருகியிருக்கும். 1911 மார்ச்சில் மாநில நூலகம் எரிந்தது. அதற்கு முன் அச்சில் வந்த படி இருந்தால் அதைத் தேடுங்கள்.

வாசகத்தை முதலில் நீங்களே ஐந்து வரிக்குள் எழுதிப் பாருங்கள். இரண்டு தேதி, இரண்டு ஊர், இரண்டு பட்லர். முழுப்பெயர் இரண்டையும் போட்ட பிறகு மூன்று வரிதான் மிஞ்சும்.

#15 எல்லைக்கோடு

பட்லர்கள் இருவரையும் விட்டுவிடுங்கள். ஒனாக்வாகா, அக்டோபர் 1778. செரி வேலி, நவம்பர் 11, 1778. இந்த இரண்டும் ஒரே பலகையில் வந்தால் மிச்சத்துக்கு இடம் இருக்கும்.